எட்டு மாதமாக அடி இல்லை. பயம் மட்டும் ஏன் போகவில்லை?

வாசகியின் கடிதம் (அடையாளங்கள் நீக்கிச் சுருக்கப்பட்டது)

வாசகிக்கு வயது 34. அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். திருமணமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. 7 வயதில் ஒரு மகன் இருக்கிறான். திருமணமான இரண்டாம் ஆண்டிலிருந்து கணவர் அடித்து வந்திருக்கிறார். “அடிக்கடி இல்லை, வருடத்துக்கு நான்கைந்து முறை இருக்கும்” என்று எழுதுகிறார். எட்டு மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு கணவர் அழுது மன்னிப்புக் கேட்டார்; அதன்பின் ஒருநாளும் கை நீட்டவில்லை. ஆனால் மாலையில் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டாலே இவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அலுவலகத்தில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் துள்ளி எழுகிறார். பழைய சண்டைகளை நினைத்துப் பார்த்தால் எது முதலில், எது பிறகு என்று குழம்புகிறது. ஆனால் தரை ஓட்டில் இருந்த ஒரு விரிசல் மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. “நான் மாறிவிட்டேன், உனக்குத்தான் மனநோய், இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பார்ப்போம்” என்று கணவர் சொல்கிறார். தோழி ஒருவர் கொடுத்த தூக்க மாத்திரையை மூன்று வாரங்களாக எடுத்துக்கொள்கிறார்.

அவர் கேட்பவை: எனக்கு மனநோயா? இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது? அவர் அடித்தபோது ஒருமுறைகூட நான் தடுக்கவில்லை, ஓடவில்லை. அப்படியென்றால் நானும் அதற்கு இடம் கொடுத்தேனா? சேர்ந்து ஆலோசனைக்குப் போகலாமா? மகனுக்கு எதுவும் தெரியாது, அப்போதெல்லாம் அவன் தூங்கியிருப்பான். அவனுக்காக இதை இப்படியே விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். கடிதத்தை அலுவலகக் கணினியிலிருந்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பதிலையும் அங்கேயே படியுங்கள். உங்கள் கைப்பேசியைக் கணவர் தினமும் வாங்கிப் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருப்பதால், அதில் இதைத் திறக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணை ஏமாற்றிக்கொண்டு போன ஒரு வரி இரண்டாம் முறை என்னை நிறுத்திவிட்டது. நீண்ட கடிதத்தின் கடைசிப் பகுதியில், அடைப்புக்குறிக்குள் அதை வைத்திருந்தீர்கள்: “(அன்றைக்குக் கழுத்தையும் பிடித்தார், சில விநாடிதான், தழும்புகூட இல்லை, இரண்டு நாள் குரல் கட்டியிருந்தது.)” எட்டு மாதங்களுக்கு முன் நடந்த அந்தக் கடைசிச் சண்டையைத்தான் சொல்கிறீர்கள். பல ஆண்டுகளாக ஆலோசகரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: மிகப் பெரிய விஷயத்தைப் பெரும்பாலோர் இப்படித்தான் கொண்டுவருவார்கள். நேரம் முடிந்து எழுந்து, கதவில் கை வைத்த பிறகு, “இன்னொன்று, அது ஒன்றும் பெரிதில்லை” என்று தொடங்குவார்கள். எனவே நான் உங்கள் கேள்விகளின் வரிசையில் போகாமல் அந்த அடைப்புக்குறியிலிருந்து தொடங்குகிறேன்.

கழுத்தைப் பிடித்த அந்தச் சில விநாடிகள்

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் கழுத்தின் இருபுறமும் ஓடுகின்றன. அவற்றுக்குப் பெரிய எலும்புக் காப்பு எதுவும் இல்லை. அவற்றின்மேல் போதிய அழுத்தம் விழுந்தால் சுமார் 10 விநாடிகளிலேயே நினைவு தப்பலாம். பிடி தளராவிட்டால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். “சில விநாடிதான்” என்ற உங்கள் சொல்லை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். தழும்பு இல்லை என்பதும் ஆறுதல் தரக்கூடிய செய்தி அன்று. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் பதிவான 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட மருத்துவக் கட்டுரை ஒன்று, அவற்றில் பாதி வழக்குகளில் வெளியே தெரியும்படி எந்தக் காயமும் இல்லை என்று கண்டது. உங்களுக்கு இரண்டு நாள் குரல் கட்டியிருந்ததே, அதுதான் காயம். குரல்வளைக்குள் இருந்ததால் கண்ணாடியில் தெரியவில்லை.

இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று. துணைவரால் கொல்லப்பட்ட பெண்களின் முந்தைய வாழ்க்கையை, வன்முறைக்கு ஆளாகியும் உயிரோடிருக்கும் பெண்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. முன்பு கழுத்து நெரிக்கப்பட்டவர்கள் பின்னர் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் இருப்பதை அது காட்டியது. செவிலியத் துறை ஆய்வாளரான ஜாக்குலின் காம்ப்பெல் 1980களில் உருவாக்கி, இன்று பல நாடுகளில் பயன்படும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்திலும் இது ஒரு தனிக் கேள்வி. கொலை மிரட்டல், வீட்டில் ஆயுதம், அடக்கியாளும் பொறாமை, பின்தொடர்தல், கட்டாயப்படுத்திய உறவு, கர்ப்ப காலத்தில் அடி, “நீ போனால் நான் செத்துவிடுவேன்” என்ற தற்கொலை மிரட்டல் ஆகியவையும் அதில் உண்டு. இவற்றில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துபவை எத்தனை என்று நீங்கள் மட்டும் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

7 மடங்கு என்பதற்கு உங்களுக்கு அப்படி நடந்தே தீரும் என்று பொருளில்லை. கழுத்து நெரிக்கப்பட்ட பெரும்பாலான பெண்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆனால் நடந்தவற்றில் ‘சின்னது’ என்று நீங்கள் ஒதுக்கி வைத்த நிகழ்ச்சிதான் ஒன்பது ஆண்டுகளில் மிகப் பெரியது. அது தெரியாமல் மற்றக் கேள்விகளுக்கு விடை தேடினால் எல்லா விடையும் கோணலாகவே வரும்.

பயம் நோயா, கணக்கா?

கணவர் மாறிவிட்டார் என்பதற்கு உங்களிடம் இருக்கும் சான்று, எட்டு மாதமாக அவர் அடிக்கவில்லை என்பதுதான். அடிக்காதது உண்மை. அதற்குக் காரணம் என்ன என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியவற்றையே திரும்பத் தருகிறேன். சம்பளம் அவர் கணக்குக்குப் போகிறது. உங்கள் அக்கா தொலைபேசியில் அழைத்தால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். உடன் வேலை பார்த்தவரின் பிரிவு விழாவுக்குப் போகவில்லை, “எதற்கு வம்பு” என்று. மாலை 6:15க்கு வீட்டில் இருக்கிறீர்கள். ஒருநாள் 6:40 ஆனபோது வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். இந்த எட்டு மாதங்களில் அவருக்குப் பிடிக்காத ஒரு காரியத்தை எத்தனை முறை செய்தீர்கள்? ஒருமுறைகூட இல்லையென்றால், அவர் மாறினாரா, நீங்கள் சுருங்கினீர்களா என்பதைச் சோதித்துப் பார்க்கவே வாய்ப்பு வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கழுத்தில் ஒருமுறை கை வைத்தவருக்கு மறுபடி அடிக்கவேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். அந்தக் கை சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது.

இவ்வகை வாழ்க்கையைச் சமூகவியலாளர் எவான் ஸ்டார்க் 2007இல் விரிவாக எழுதினார். அடியை எண்ணிக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. பணம், நேரம், உறவு, உடை, பேச்சு என்று ஒருவரின் அன்றாடத்தை இன்னொருவர் கைப்பற்றுவதே இதன் சாரம் என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கட்டுப்பாட்டையே தனிக் குற்றமாக்கியது. அடித்தால்தான் வன்முறை என்ற எண்ணம் சட்டத்திலும் மெல்ல மாறி வருகிறது.

இனி சாவிச் சத்தத்துக்கு வருவோம். சாவி ஒரே திருப்பில் திறந்தால் நல்ல நாள், இரண்டு மூன்று முறை இடறினால் அன்று பேச்சைக் குறைத்துக்கொள்ளவேண்டிய நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நோய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்பது ஆண்டுகள் பாடம் படித்த காது அது. அதன் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. அலுவலகத்தில் தோழியின் குரலுக்குத் துள்ளுவது மட்டும் வேறு. அங்கே ஆபத்து இல்லை என்று அறிவுக்குத் தெரிகிறது, உடலுக்குத் தெரியவில்லை. விடியற்காலை விழிப்பும், விரிசல் விழுந்த அந்த ஓடு திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. முதலாவது பயம், இரண்டாவது உளக்காயம். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன; கணவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ‘மனநோய்’ என்று பெயர் ஒட்டுகிறார்.

உளக்காயத்துக்கு மருத்துவத்தில் இடம் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் சேர்க்கப்பட்டது. நடந்தது இப்போதே மீண்டும் நடப்பதுபோல் வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் சூழ்ந்திருப்பதாகவே உணர்ந்து எச்சரிக்கையாக இருப்பது என்ற மூன்றும் அதன் அடிப்படை. நெடுங்காலம் தப்பமுடியாத வன்முறையில் வாழ்ந்தவர்களுக்கு இவற்றோடு, உணர்ச்சிகள் கட்டுப்படாமை, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்ற நிலையான எண்ணம், யாரிடமும் நெருங்க முடியாமை ஆகியவையும் சேரலாம். உலக சுகாதார அமைப்பு 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் அது தனிப் பெயரோடு இடம்பெற்றது. நேரில் பார்க்காமல் உங்களுக்கு இவற்றில் எதையும் சூட்டமாட்டேன். ஆனால் இவை குணமாகக்கூடியவை. உளக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவோடு நினைவுகளை மறுபடி செரிக்கவைக்கும் இஎம்டிஆர் முறையும் பலன் தருபவை என்று உலக சுகாதார அமைப்பே பரிந்துரைக்கிறது.

இவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. உளநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தபோது, முதல் கட்டம் பாதுகாப்பு என்றார். நினைவுகளைக் கிளறுவதும் துக்கம் கொள்வதும் அதற்குப் பின்புதான். காலில் முள்ளை வைத்துக்கொண்டே மேலே மருந்து தடவினால் வலி குறைந்ததுபோல் இருக்கும், நடக்க முடியாது. அதனால்தான் “பயத்தை எப்படிப் போக்குவது” என்ற உங்கள் கேள்விக்கு முன்னால், “பயப்படவேண்டிய காரணம் போய்விட்டதா” என்ற கேள்வியை வைக்கிறேன்.

தோழி கொடுத்த மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அது எந்த வகை என்று தெரியாமல் தொடரவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். சில வகைகளைச் சட்டென்று நிறுத்தினால் உடல் முரண்டு பிடிக்கும். அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஓடாத கால்களும் குழம்பிய நினைவும்

நீங்கள் தடுக்கவில்லை, ஓடவில்லை, ‘மரக்கட்டை போல நின்றேன்’ என்கிறீர்கள். ஆபத்தில் உடல் எதிர்க்கும் அல்லது ஓடும் என்று மட்டுமே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இரண்டும் பலிக்காது என்று நரம்பு மண்டலம் கணித்தால் மூன்றாவதாக உறைந்துபோவதும் உண்டு. கை கால் அசையாது, குரல் எழாது, சிலருக்கு வலிகூட மரத்துவிடும். இது யோசித்து எடுக்கும் முடிவன்று, யோசிக்கும் பகுதியைக் கலந்துகொள்ளாமலேயே உடல் செய்வது. இதில் சம்மதமும் இல்லை, பலவீனமும் இல்லை.

நினைவும் அப்படித்தான். கடும் அச்சத்தில் கவனம் ஒரு புள்ளியில் குவிகிறது. எது முன், எது பின் என்று கோத்து வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் தடுமாறுகிறது. அச்சத்தைப் பதிக்கும் பகுதியான அமிக்டலா முழுவேகத்தில் ஓடுகிறது. அதனால்தான் தேதி போய், ஓட்டின் விரிசல் நிற்கிறது. “உனக்குத்தான் ஒன்றும் சரியாக ஞாபகமில்லையே, நீயாகக் கற்பனை செய்கிறாய்” என்று கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வரிசை குழம்பியது பொய்யின் அடையாளமாகாது.

“கோபம் வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது, மற்றபடி நல்லவர்” என்ற உங்கள் வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதே கடிதத்தில் இன்னொரு காட்சியையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்: உங்களை அடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மேலதிகாரி அழைத்தார், கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரித்துப் பேசி, “நாளை காலை அனுப்பிவிடுகிறேன் சார்” என்று வைத்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதற்கு முன் சன்னலையும் சாத்தியிருந்தார். அவருக்குக் கண்ணும் தெரிந்தது, மண்ணும் தெரிந்தது. யாரை, எங்கே, எவ்வளவு என்ற தேர்வு அவர் கையிலேயே இருந்தது. கோபத்தை அடக்கும் பயிற்சி இப்படி அடிப்பவர்களிடம் பெரிதாகப் பலிக்காததற்குக் காரணமும் இதுதான். அடக்கும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சேர்ந்து ஆலோசனைக்குப் போகலாமா?

இப்போது வேண்டாம். இந்த இடத்தில் சக ஆலோசகர்கள் சிலர் என்னோடு மாறுபடுவார்கள். பயம் இல்லாத, லேசான, இருபக்கத் தள்ளுமுள்ளு என்ற அளவில் இருப்பவற்றில் கடும் நிபந்தனைகளோடு தம்பதியரை ஒன்றாகப் பார்ப்பவர்கள் உண்டு. உங்கள் நிலைமை அதுவன்று. தம்பதி ஆலோசனை, இருவரும் அச்சமின்றிப் பேசலாம் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கழுத்தைப் பற்றிச் சொல்வீர்களா? சொல்லாவிட்டால், உண்மையில் இல்லாத ஒரு குடும்பத்துக்கு ஆலோசகர் வைத்தியம் பார்ப்பார். சொன்னால் அன்று இரவு வீட்டில் அதற்கு விலை கேட்கப்படலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: வன்முறை அங்கே ‘இருவருக்கும் இடையிலான பிரச்சினை’யாக மாறி, நீங்கள் எப்படிப் பேசியிருந்தால் அவர் அடித்திருக்கமாட்டார் என்று அலசத் தொடங்கிவிடும்.

அவர் உண்மையாகவே மாற விரும்பினால், தம்முடைய வன்முறைக்காக, தனியாக, அதற்கென்று நடக்கும் பயிற்சிக்குப் போகலாம். அவற்றின் பலன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது; ஆகவே அவர் சேர்ந்துவிட்டார் என்ற செய்தியை மட்டும் வைத்து நீங்கள் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். நீங்கள் மறுத்துப் பேசிய நாளில் அவர் என்ன செய்கிறார் என்பதே அளவுகோல். அதற்காக வேண்டுமென்றே மறுத்துப் பேசிச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சிறு காட்சி இருக்கிறது. மாலையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பான், சாவிச் சத்தம் கேட்டதும் தானாகவே ஒலியைக் குறைத்துவிடுவான், ‘சமர்த்துப் பிள்ளை’ என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். சகோதரி, உங்கள் காது கற்ற அதே பாடத்தை அவன் காதும் கற்றிருக்கிறது. அவன் தூங்கியிருக்கலாம், ஆனால் மறுநாள் காலை உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறான். பெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் தங்கள் குழுவோடு 1998இல் வெளியிட்ட, சுமார் 9,500 பேரின் சிறுவயது அனுபவங்களை ஆராய்ந்த கட்டுரை, தாய் தாக்கப்படுவதைக் குழந்தைப் பருவத் துன்பங்களில் ஒன்றாகக் கணக்கிட்டது; இத்தகைய துன்பங்கள் சேரச் சேர பிற்கால உடல்நோய், மனநோய் இரண்டின் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. இது விதியன்று. நிலையாக, கணிக்கக்கூடியவராக நடந்துகொள்ளும் ஒரு பெரியவர் அருகில் இருந்தால் பிள்ளைகள் நன்றாகவே மீள்கிறார்கள். அந்தப் பெரியவர் நீங்களாகவே இருக்கலாம். ‘இது உன் தப்பில்லை, சண்டையை நிறுத்துவது உன் வேலையில்லை, சத்தம் கேட்டால் நடுவில் வராதே, உன் அறையிலேயே இரு’ என்பவற்றை அவனுக்குப் புரியும் சொற்களில் சொல்லிவையுங்கள். கணவரிடம் மறைக்கவேண்டிய எதையும் அவனிடம் ஒப்படைக்காதீர்கள். அது ஏழு வயது தாங்கும் சுமையன்று.

இருப்பதானாலும் போவதானாலும்

விலகுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த முடிவை உங்களுக்காக இன்னொருவர் எடுத்தால், அதுவும் ஒரு கைப்பற்றலாகிவிடும். ஆனால் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தவேண்டும். ‘ரொம்ப முடியாமல் போனால் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், அவரிடமே சொல்லிவிட்டுத்தான் போவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மையான எண்ணம்தான், ஆனாலும் ஆபத்தானது. இத்தகைய உறவுகளில் உயிருக்கு அதிக ஆபத்துள்ள காலம், பிரிவதாக அறிவிக்கும் நேரமும் பிரிந்த முதல் சில மாதங்களும்தான். போவதென்றால், போன பிறகு தெரியட்டும்.

அதற்கு முன், இருந்தாலும் போனாலும் பயன்படக்கூடிய சிலவற்றைச் செய்து வையுங்கள். உங்கள் நாட்டில் குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணோ ஆதரவு மையமோ இருந்தால், அலுவலகத் தொலைபேசியிலிருந்து அழைத்து, முதல் வாக்கியத்திலேயே கழுத்து நெரிப்பைச் சொல்லுங்கள். அங்கே பயிற்சி பெற்றவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். அடையாளச் சான்றுகள், மகனின் பள்ளி, மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றின் நகலை வீட்டுக்கு வெளியே வையுங்கள். உங்கள் மேசை இழுப்பறைகூடப் போதும். அக்காவை நம்பலாம் என்கிறீர்கள். சாதாரணப் பேச்சில் நுழைக்கக்கூடிய ஒரு சொல்லை இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் அந்தச் சொல் வந்தால் அக்கா உடனே காவல்துறையை அழைக்கவேண்டும். சண்டை மூளும்போது சமையலறைக்கோ ஒரே வாசல் உள்ள அறைக்கோ ஒதுங்காதீர்கள்.

கைப்பேசியில் இருப்பிடப் பகிர்வை நிறுத்துவது, எல்லாத் தேடல்களையும் ஒரேயடியாக அழிப்பது, சம்பளக் கணக்கை மாற்றுவது போன்றவை நியாயமான செயல்களே. ஆனால் திடீரென்று செய்தால் அவருக்கு அதுவே செய்தியாகிவிடும். ஆதரவு மையத்தாரோடு பேசி, கிளம்பும் நாளோடு இணைத்துச் செய்யுங்கள். இதுவரை புகார் கொடுக்கவில்லை, சாட்சி இல்லை என்பதால் சட்டத்தின் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளவும் வேண்டாம். பல நாடுகளில் பாதுகாப்பு ஆணை பெறுவதற்குப் பழைய புகார் கட்டாயமில்லை. குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மறுபடி கழுத்தில் கை பட்டால், எவ்வளவு குறைந்த நேரமானாலும், அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து, நாட்கள் கழித்துப் பக்கவாதம் வருவதும் உண்டு. குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், கடும் தலைவலி, பார்வைக் குழப்பம், ஒருபக்கம் மரத்துப்போதல் எதையும் ‘சரியாகிவிடும்’ என்று விடக்கூடாது.

எட்டு மாதத்துக்கு முன் நடந்ததற்கும் இப்போது மருத்துவரைப் பார்க்கலாம், பார்க்கவேண்டும். தூக்கமின்மை என்று சொல்லியே நேரம் வாங்குங்கள். வீட்டில் கேட்டாலும் அதுவே பதில். உள்ளே போனதும் வாய் கட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தாளில் எழுதி வைக்காதீர்கள்: “எட்டு மாதத்துக்கு முன் என் கழுத்தை நெரித்தார்கள், இரண்டு நாள் குரல் கட்டியிருந்தது, நெரித்தவரோடுதான் இன்னும் இருக்கிறேன்.” மற்றதை மருத்துவர் கேட்பார்; கேட்காவிட்டால் வேறு மருத்துவரிடம் போய் அதையே சொல்லுங்கள்.